கண் திறந்த யானை

முன்னொரு காலத்தில், மழையின் மனமும் மன்னரின் மனமும் எப்போது மாறும் என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னர் மகுடவர்மர் ஒருநாள் பாயச வாசனையைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்கே போய்விட்டார். அங்கே சுவரில் கரியால் வரைந்த யானை ஒன்று, மேகத்தின் மேல் படுத்துக் கால் ஆட்டிக்கொண்டிருந்தது.

"யார் வேலை இது?"

"அடியேன்தான், மன்னா" என்றான் விகடகவி கொன்றைநம்பி. "பாயசம் கொதிக்கும் வரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது."

"புது மண்டபத்துச் சுவரில் இதையே பெரிதாக வரை!"

கொன்றைநம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவ்வளவு பெரிய சுவர் அவன் கனவில்கூட வந்ததில்லை.

அமைச்சர் சேந்தனாருக்கோ வயிறு எரிந்தது. "மன்னா, பிறநாட்டுத் தூதர்கள் வந்து அமரும் மண்டபம். அவையோர் அனைவரும் 'குறையில்லை' என்று சொன்ன பிறகே இவன் யானைக்குக் கண் திறக்கட்டும். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் இவன் இனித் தூரிகையையே தொடக் கூடாது."

"சபாஷ், நல்ல வேடிக்கை! அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. படத்துக்குக் கண் வரையும் வரை யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். கண் திறந்துவிட்டால் படத்துக்கு உயிர் வந்துவிட்டது என்று பொருள். பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை அதன் முகத்துக்கு நேரே பழிப்பது பாவம். பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

கொன்றைநம்பி நீல யானை வரைந்தான்.

"யானை எங்கேயாவது நீலமாக இருக்குமா?" என்றார் சேந்தனார். கறுப்பாக்கினான்.

"கால் ஆட்டினால் படைக்கு ஆகாது. நிமிர்ந்து நிற்கட்டும்" என்றார் தளபதி வீரபாகு. நிற்க வைத்தான்.

"மேகம் எதற்கு? யானை விழுந்து தொலையும்" என்றார் அவையில் இன்னொருவர். மேகத்தை அழித்தான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் பார்த்தால், சுவரில் நின்றது யானையாகவே இல்லை. வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்குக் கால் முளைத்தது போலிருந்தது. அவனுக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சமையற்கட்டு யானையிடம் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். அதை வரைந்தபோது யாரையும் கேட்கவில்லையே என்று நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. நேரே போய், மண்டபச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டான்.

மறுநாள் காலை அவை கூடியது.

"பெரியோர்களே, சுவரை நன்றாகப் பாருங்கள். என் படத்தில் குறை உண்டா?"

"படமே இல்லையே ஐயா! இல்லாத படத்தில் என்ன குறை சொல்வது?" என்று சிரித்தார் வீரபாகு.

"அமைச்சர் பெருமானே, தங்களுக்கு?"

"வெறும் சுவரில் குறை காண எனக்கென்ன பைத்தியமா? குறையில்லை!"

அவையே "குறையில்லை, குறையில்லை" என்று கேலியாகக் கூவியது. கூச்சல் அடங்குவதற்குள் கொன்றைநம்பி ஏணியில் ஏறிச் சுவரின் உச்சியில் இரண்டு கண்களை வரைந்துவிட்டான். குறும்பான, பெரிய கண்கள்.

"மன்னா, தங்கள் ஆணைப்படியே கண் திறந்தாயிற்று. இனி மீதியை வரைகிறேன்."

"இது அக்கிர—" என்று எழுந்த சேந்தனாரை அந்தக் கண்கள் உற்றுப் பார்த்தன. வீரபாகு அவர் வாயைப் பொத்தினார். "பாவம் ஐயா, பாவம்! அது பார்க்கிறது!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொன்றைநம்பி எதையும் காதில் வாங்கவில்லை. நிலவு எழும் முன்பே அந்தக் கண்களைச் சுற்றி நீலத் தும்பிக்கை வந்தது, மேகம் வந்தது, ஆடும் காலும் வந்தது.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். எதிர்ச்சுவரையும் அவனுக்கே தந்தார். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் தூரிகையை வாங்கி மூலையில் ஒரு காக்கை வரைந்தார்.

"நம்பி, எப்படியிருக்கிறது? உண்மையைச் சொல்."

"கண் வரைந்துவிட்டீர்களா, மன்னா?"

"வரைந்துவிட்டேனே."

"அப்படியானால் நான் வாய் திறக்கக் கூடாது."

மன்னர் சிரித்த சிரிப்பில் தூரிகை குலுங்கியது. காக்கைக்கு மூன்றாவதாக ஒரு கால் முளைத்தது. அதை அவர் அழிக்கவேயில்லை.