பட்டத்து யானைக்குப் பால் வற்றிய கதை

அந்தக் காலத்தில் மருதங்காட்டுச் சீமையைச் சொக்கவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்துவிட வேண்டும் அவருக்கு.

அவருடைய பட்டத்து யானை அல்லி ஒரு கன்று ஈன்றது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஊரே வந்து பார்க்கட்டும்!" என்று, ஆற்றங்கரைத் தோப்பிலிருந்த தாயையும் கன்றையும் அரண்மனை முற்றத்தில் கொண்டுவந்து கட்டச் சொன்னார். சித்திரை வெயில். காலடியில் கருங்கல் தளம். போதாததற்கு முரசு, அதிர்வேட்டு, ஓயாத கூட்டம்.

சில நாளிலேயே அல்லிக்குப் பால் வற்றிப்போனது. கன்று எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிட்டது.

"பாகன் பேச்சிமுத்து பாலைக் கறந்து விற்கிறான், மகாராஜா!" என்றார் சபையிலிருந்த விருப்பாட்சிராயர். பாகன் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர வெகுநாளாய் அலைந்துகொண்டிருந்தவர் அவர்.

"யானைப்பாலை யாரு சாமி வாங்குவாங்க? அது என் புள்ள மாதிரி!" என்று அழுதான் பேச்சிமுத்து.

"வெட்டுங்கள் இவன் கையை!" என்றார் ராஜா.

அமைச்சர் நாகலிங்கர் எழுந்தார். "வெட்டலாம், மகாராஜா. அதற்குமுன் ராயர் அந்த முற்றத்தில் நின்று வெற்றிலை போட்டு, வாய் சிவக்கக் காட்டட்டும்."

"இதென்ன பிரமாதம்!" என்று இறங்கினார் ராயர்.

உச்சி வெயில். வெறுங்கால். காதருகே முரசு. வெகுநேரம் நின்றபின் வெற்றிலையை நீட்டினார்கள். வாயில் போட்டதும் முதுகுக்குப் பின்னால் வேட்டு வெடித்தது. ராயர் துள்ளிக் குதித்தார். மென்றார், மென்றார், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பினால் பச்சைத் தூள்தான் உதிர்ந்தது.

"அடடா! ராயர் எச்சிலை எவனோ திருடிவிட்டான். யார் கையை வெட்டலாம், மகாராஜா?" என்றார் நாகலிங்கர்.

சபை குலுங்கிச் சிரித்தது.

"யாரும் திருடவில்லை ஐயா... வெயில், பயம்... வாய் வறண்டுவிட்டது" என்றார் ராயர்.

"கொஞ்ச நேரத்துக்கே உமக்கு எச்சில் ஊறவில்லை. நாள்கணக்கில் நிற்கிற தாய்க்குப் பால் எப்படி ஊறும்?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. கன்றை எட்டிப் பார்த்தார். "கட்டச் சொன்னது நான்தானே" என்றார் மெதுவாக. "பாகனை விடுங்கள். கன்றை வண்டியில் ஏற்றுங்கள். ராயரே, தோப்புவரை நீரே தள்ளும்!"

தோப்பில் நிழலும் தண்ணீரும் இருந்தன, சத்தம் இல்லை. பேச்சிமுத்து கன்றுக்குக் கஞ்சி ஊட்டிக் காத்திருந்தான். ஒருநாள் காலையில் கன்று தாயின் முன்னங்கால்களுக்கிடையே முட்டியது. கடைவாயில் பால் வழிந்தது. பார்க்க வந்த ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நாகலிங்கர் கழுத்தில் போட்டார்.

பேச்சிமுத்து அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.