மறுகாலில் ஒரு பலகை

மேலக்குளத்துக் கரையில் உலகம்மை என்றொரு துறவி இருந்தார். அவருடைய சீடர் சங்கரபாண்டி, குருவைவிட இருபது வயது மூத்தவர், ஊர்த் தலைவர். குரு அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். ஊர் சிரித்தது. இருவருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

ஒரு கார்த்திகையில் குளம் நிரம்பியது. சாயங்காலத்துக்குள் கரையின் வடிகாலான மறுகால் பாய்ந்து, மிஞ்சிய தண்ணீர் ஓடை வழியே கீழக்குளத்துக்குப் போய்விடும்.

"அம்மா, மறுகாலைப் பலகை வச்சு அடைக்கணும்னு ஊர்ல சொல்லுதாங்க. ரெண்டு வருசமா ஒழுங்கா விளையல. அடைச்சா ரெண்டாம் போகமும் எடுக்கலாம். ஆனா கீழக்குளம் காஞ்சிரும். என்ன செய்யட்டும்?"

"உங்க மக கோமுவ அந்த ஊர்லதான கட்டிக் குடுத்திருக்கீங்க?"

"ஆமா. தை மாசம் பிரசவத்துக்கு வருவா. நம்மூர்ப் பிள்ளைகள்ல பாதிப் பேரு அங்கதான். பாட்டன் காலத்து வழக்கம்."

"எதுக்கு அப்படி வச்சாங்க?"

"தெரியலியேம்மா."

"கோமுவப் பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

கோமு வீட்டில் இல்லை. வறண்ட ஓடைக்கரையில், புதுச் சேலையும் ஆரத்தித் தட்டுமாக நின்றிருந்தாள். கூடவே மேலக்குளத்தில் பிறந்த முப்பது பெண்கள்.

"என்ன தாயி இது?"

"குளம் நெறஞ்சிட்டாமேப்பா! பொறந்த வீட்டுத் தண்ணிய நாங்கதான் ஆரத்தி எடுத்துக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு வருசமா வரல. 'உங்கப்பா வீட்டுச் சீர் எங்கட்டீ'ன்னு அத்தை கேலி பண்ணுதாங்க. இன்னைக்கு வந்துரும்னு சொல்லிட்டேன்."

செம்பை நீட்டினாள். "கலங்கலாத்தான் இருக்கும். நாளைக்கு வந்தா நல்ல தண்ணி தாரேன்."

அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

திரும்பி வந்தபோது மறுகாலில் ஊரார் பலகையோடு நின்றிருந்தார்கள். குருவும் இருந்தார்.

"பலகை வேண்டாம்" என்றார் சங்கரபாண்டி.

"ஏன்?" என்றார்கள் ஊரார்.

"நம்ம பிள்ளைகள் எல்லாம் தட்டோட ஓடைக்கரையில நிக்குதுக."

பலகையைக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஓடையில் இறங்கியது. சங்கரபாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வழக்கம் எதுக்குன்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

"தெரிஞ்சுதும்மா. இந்தப் பலகையத்தான் என்ன செய்யன்னு தெரியல."

குரு ஓடையைப் பார்த்தார்.

"தண்ணி வந்துட்டுல்லா, கோமு எப்படித் தாண்டி வருவா? ஓடைக்குக் குறுக்கால போடுங்க."