டைகர் இருந்த விரதம்

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. அங்கே மூன்று பேர்: ஓய்வு பெற்ற சர்வேயர் குற்றாலிங்கம், அவர் மனைவி உலகம்மை, அப்புறம் டைகர். மூன்றாமவர் நாய். பெயர்தான் டைகர், சாப்பாடு தயிர்சோறு. அது ஏன் என்பதில்தான் கதை தொடங்குகிறது. காதைக் கொஞ்சம் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேள்வி உண்டு.

வீடு சுத்த சைவம். ஆனாலும் முன்பெல்லாம் டைகருக்காக வாரம் ஒருநாள், புறவாசலில் தனி அடுப்பு மூட்டி, உலகம்மை மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டுக்கறி வேகவைப்பாள். ஐந்து வருஷத்துக்கு முன் குற்றாலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி. முருகனுக்காக எதையாவது விட்டுவிட வேண்டும் என்று உலகம்மை யோசித்தாள். கறி மீனை விடலாமென்றால், தின்று பழக்கமே கிடையாது. கடைசியில், "அவுகளப் பொழைக்க வச்சிரு முருகா. இனிமே என் கையால எந்த உசுரோட உடம்பையும் யாருக்கும் எடுத்து வைக்க மாட்டேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

அவர் பிழைத்து வந்தார், புறவாசல் அடுப்பு அணைந்தது. நேர்ந்தது உலகம்மை, விரதம் இருந்தது டைகர். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

இப்போது டைகருக்குப் பன்னிரண்டு வயது. பின்னங்கால் மூட்டு வீங்கிவிட்டது. எழுந்திருக்கவே நாலு தடவை முயல வேண்டும். வாசலில் இருப்பது மூன்றே படி. அதை ஏற முடியாமல் கீழேயே கிடந்து வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும். குற்றாலிங்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை. தன் உயிருக்காக ஐந்து வருஷம் வாயைக் கட்டிய ஜீவன் அல்லவா!

ஒரு காலையில் டைகரைப் போர்வையில் கிடத்தினார்கள். தலைப்பக்க முனைகளை அவரும் கால்பக்க முனைகளை அவளுமாக இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா மூட்டை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு டப்பாவை மேசையில் வைத்தார்.

"மூட்டுக்கான சத்துப் பொடி. தெனமும் சோத்துல ஒரு ஸ்பூன் கலந்து குடுங்க. வீக்கமும் வலியும் கொறைய ஒண்ணரை மாசம்கூட ஆகும். எல்லா நாய்க்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்."

"இது எதுல செஞ்சதும்மா?" என்று கேட்டாள் உலகம்மை.

"இறால் ஓட்டுல இருந்து எடுக்கறது."

அவள் டப்பாவைத் தொடக்கூட இல்லை. "எங்களுக்கு வேண்டாம்மா" என்று எழுந்துவிட்டாள். டைகரின் தலையைத் தடவும்போது கண் கலங்கியிருந்தது. ஒரு பக்கம் நாயின் கால், மறுபக்கம் புருஷன் உயிர். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆட்டோ கிளம்பும்போது குற்றாலிங்கம், "குடைய உள்ள மறந்து வச்சிட்டேன்" என்று இறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது டப்பா சட்டைக்குள் இருந்தது. உலகம்மை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் டப்பா ஸ்கூட்டர் டிக்கிக்குள் ஒளிந்துகொண்டது.

மறுநாள் தயிர்சோறு பிசைந்தவள், "இடுப்பு பிடிச்சிக்கிட்டு, குனிய முடியல. இனிமே தட்ட நீங்களே கொண்டுபோயி வச்சிருங்க" என்றாள். அன்றுவரை டைகரின் தட்டை வேறு யாரையும் தொட விடாதவள். குற்றாலிங்கத்துக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அன்று காலை அவள் போட்டிருந்த இருபத்தொரு புள்ளிக் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போய், பொடியைக் கலந்து டைகர் முன்னால் வைத்தார்.

டைகர் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழகாத வாசனை. இரண்டு நாளும் தட்டு அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் சோற்றின்மேல் ஒரு ஸ்பூன் நெய் உருகி நின்றது. புருஷன் நெஞ்சுக்காக ஐந்து வருஷமாக நெய்ச் செம்பை எட்டாத அலமாரியில் ஏற்றி வைத்திருந்தவள், அன்றைக்கு எதற்கு இறக்கினாளோ! டைகர் தட்டை நக்கித் துடைத்துவிட்டது.

நாற்பதாவது நாள் காலையில் டைகர் மெதுவாக மூன்று படியும் ஏறி வந்து அடுக்களை வாசலில் நின்றது. உலகம்மை கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அவரும் அழுதார்.

"நேந்துக்கிட்டதும் கெடல, பிள்ளையும் எந்திரிச்சிட்டான். இன்னைக்கே திருச்செந்தூருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்றாள்.

'கெடல' என்றதும் அவருக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. வாயுதான், இருந்தாலும் பயம். அவள் பிசைந்த சோற்றில்தானே கலந்தோம்? சாமி கொடுத்த உயிரைத் திருப்பிக் கேட்டுவிட்டால்? சொன்னால் அவள் இனி நிம்மதியாகத் தூங்க மாட்டாள். சொல்லாவிட்டால் ஒன்றும் அறியாமல் சன்னதியில் நின்று கும்பிடுவாள். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருக்கிறது. குற்றாலிங்கம் வாயைத் திறக்கிறார், மூடுகிறார்.

நீங்கள் சொல்லுங்கள். உலகம்மை நேர்ந்துகொண்டது உடைந்ததா, இல்லையா? முருகன், உலகம்மை, குற்றாலிங்கம் இந்த மூவரில் ஏமாந்தது யார்?

விடை: ஏமாந்தவர் குற்றாலிங்கம்தான். இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்துப் போனவருக்குக் குடை பிடிக்க மூன்றாவது கை ஏது? ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்த மனுஷனுக்கு இது தோன்றவில்லை. உலகம்மைக்கு ஆட்டோவிலேயே தெரிந்துபோயிற்று. கோலத்துக்குக் குனிந்த இடுப்பு தட்டு வைக்க மட்டும் குனிய மறுத்தது அதனால்தான். அவள் கை பிசைந்தது வெறும் சோறு, கூட்டியது நெய். ஆகவே நேர்ந்துகொண்டது உடையவில்லை. ஆனாலும் சாமி கணக்கு எப்படியோ என்று நாற்பது நாளும் தனியாகப் பயந்திருப்பாள், பாவம். குற்றாலிங்கம் ஒருவழியாகச் செருமிக்கொண்டு, "உலகு, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அவள் பூட்டை எடுத்துக்கொண்டே, "வரும்போது அந்தக் குடைய மறந்து வச்ச எடத்துல எறங்கிட்டு வருவோம். டப்பா தீரப் போவுதுல்லா?" என்றாள்.