முன்தண்டும் தளவாயின் இடுப்பும்

முதலில் கெடுதல் செய்தது பிச்சைக்கண்ணு. இதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு யாராவது அவனுக்குப் பரிந்து பேச வரக்கூடும். வந்தால் முதல் வரியைக் காட்டுங்கள்.

ஓணான்குளத்தில் காளியம்மன் சப்பரத்தின் முன்தண்டு தளவாயின் தோளுக்குச் சொந்தம். அவர் அப்பா தோளில் இருந்தது, பிறகு அவர் தோளுக்கு வந்தது. முன்தண்டு சுமப்பவன் காலில்தான் தெருப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அவன் கழுத்துக்குத்தான் மாலை. பின்தண்டு சுமப்பவனுக்கு மிஞ்சுவது முன்னால் போகிறவனின் முதுகும், அந்த மஞ்சள் தண்ணீர் கலந்த சேறும்.

போன பங்குனிக்கு முந்தின பங்குனித் திருவிழாவில் சப்பரம் கிளம்பும் நேரம். சுமக்கிறவர்களுக்குக் கோயிலில் கொடுக்கும் மஞ்சள் துண்டு தளவாயின் இடுப்பைச் சுற்றி வந்து சேரவில்லை. இரண்டு நுனியும் ஒன்றையொன்று பார்த்தன, தொடவில்லை. ஊரே கூடியிருந்தது. அப்போதுதான் அவர் மனைவி செல்லக்கனியின் கூடப் பிறந்த தம்பி, அடுத்த வீட்டுக்காரன், அவர் வீட்டில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்ற பிச்சைக்கண்ணு, வாயைத் திறந்தான்.

“மச்சான் வயிறு முன்னால போகுது, மச்சான் பின்னால வர்றாக. முன்தண்டுல ஒரு ஆளுக்குத்தான் இடம்,” என்றான். சொல்லிவிட்டுத் தன் தோளைக் கொண்டுபோய் அதன் கீழே வைத்துக்கொண்டான்.

ஆனால் இன்னொன்றும் சொன்னான், ஊர் கேட்கவே சொன்னான். “அடுத்த திருவிழாவுக்கு இந்தத் துண்டு மச்சான் இடுப்புல முடிச்சு விழுந்தா, முன்தண்டு அவுகளுக்கே.”

ஓணான்குளத்து ஆட்கள் சொன்ன சொல்லை மீற மாட்டார்கள். மற்றவர்கள் சொன்ன சொல்லையும் மீற மாட்டார்கள். அந்த ஊரின் பெருமை அதுதான். அந்த ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணமும் அதுதான்.

ஆடி மாதம் திருப்பூரிலிருந்து மகள் மாரீஸ்வரி வந்தாள். அப்பாவின் மனக்குறையைக் கேட்டு, அவருடைய போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். ‘வீட்டிலேயே இளைக்கலாம்’ என்று அதற்குப் பெயர். வருஷச் சந்தா.

“பணம் கட்டியாச்சுப்பா. தினமும் காலையில இந்தப் பொண்ணு உடற்பயிற்சி செய்யும். நீங்க கூடவே இருங்க, ஒரு நாளும் விட்டுறாதீக,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

தளவாய் ஒரு நாளும் விடவில்லை. விடிந்ததும் போனைச் செம்பில் சாய்த்து வைப்பார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே நிற்பார். களையெடுக்க ஆள் விட்டால் வரப்பில் எப்படி நிற்பாரோ, அப்படி. போனில் இருந்த பெண் குதித்தாள், குனிந்தாள், படுத்து எழுந்தாள். தளவாய் அசையாமல் மேற்பார்த்தார். நடுவில் டீ குடிக்கப் போகாத வேலையாள் கிடைப்பது இந்தக் காலத்தில் அபூர்வம் என்று அவருக்குத் தோன்றியது.

செல்லக்கனிதான் கேட்டாள். “ஏங்க, அவ குனிஞ்சா உங்க வயிறு எப்படிங்க குறையும்?”

“கூலி வாங்குனது யாரு?”

“அவ.”

“கூலி வாங்குனவ குனிவாளா, குடுத்தவன் குனிவானா?”

செல்லக்கனி யோசித்தாள். “அதுவும் சரிதான். ஆனா இளைச்ச மாதிரி தெரியுறது அவதான்.”

ஆவணி பிறந்தது. வயிறு இறங்கவில்லை. வேலையில் எங்கோ குறை இருக்கிறது என்று தளவாய் குருவையா அண்ணாச்சியை அழைத்து வந்தார். குருவையா ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். நியாயவிலைக் கடையிலேயே ஆயுசைக் கழித்தவர் என்பதால் ஊரில் எந்த வழக்குக்கும் நியாயம் சொல்லும் பொறுப்பு அவருடையது.

குருவையா கை கட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். “தளவாயி, இந்தப் பொண்ணு ‘நீங்களும் என்னோடு செய்யுங்கள்’னு சொல்லுதே?”

“அது மரியாதைக்குச் சொல்றது அண்ணாச்சி. சாப்புடுறவுக வீட்டுக்குள்ள போனா ‘வாங்க சாப்புடலாம்’னு சொல்றதில்லையா? உடனே போய் இலையில உக்காந்துருவோமா?”

“மரியாதைக்குன்னா ஒரு தடவை சொல்லுவா. இவ ஓயாம கூப்புடுதா. மூணாம் தடவையும் கூப்புட்டா உக்காந்துரணும். இல்லேன்னா அவுகளுக்கு மனவருத்தம்.”

தளவாய் குடையை வைத்தார். அந்தப் பெண்ணின் மனம் நோகக்கூடாது என்று இருவரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அன்றைய பாடம் சுவர். “எதிரே உள்ள சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழு பலத்தோடு தள்ளுங்கள். பத்து முறை,” என்றாள் போன்காரி.

எதிரே இருந்தது தளவாய் வீட்டுக்கும் பிச்சைக்கண்ணு வீட்டுக்கும் நடுவிலுள்ள மண்சுவர். முதல் தள்ளலிலேயே அந்தப் பக்கம் மண் உதிர்ந்தது. பிச்சைக்கண்ணு எட்டிப் பார்த்தான்.

“என்ன மச்சான் செய்றீக?”

“சுவரைத் தள்றோம்.”

“எந்தப் பக்கமா?”

“உன் பக்கமா.”

பிச்சைக்கண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இது பொதுச்சுவரு. பாதி என்னுது. ஒரு வார்த்தை கூப்புடாம நீங்களே தள்ளுனா ஊரு என்ன நினைக்கும்?” என்றவன், தெருவழியே சுற்றி வந்து தன் பங்குக்குத் தோள் கொடுத்தான்.

நாலாவது தள்ளலில் சுவர் பிச்சைக்கண்ணுவின் கோழிக்கூண்டு மேல் போய்ப் படுத்தது. நல்லவேளை, கோழிகள் மேயப் போயிருந்தன. தூசி அடங்கும்வரை மூவரும் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றார்கள். இறக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை.

“அருமை! இன்னும் ஆறு முறை,” என்றாள் போன்காரி.

“அவளும் தள்ளிக்கிட்டுத்தான இருக்கா. அவ சுவரு ஏன் விழலை?” என்று கேட்டான் பிச்சைக்கண்ணு.

குருவையா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். “தள்ளுற மாதிரி பாவனை பண்ணுதா. காசு வாங்கிட்டா இப்படித்தான். நாம உண்மையாத் தள்ளுனோம், விழுந்துருச்சு.”

“அப்ப மிச்சம் ஆறு?”

“திரும்பக் கட்டித்தான் தள்ளணும்.”

மண் குழைத்தார்கள். பொழுது சாயும்போது சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அந்த உயரத்துச் சுவரைத் தள்ள வேண்டுமானால் உட்கார வேண்டும். உட்காரச் சொல்லி அவள் எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஆகவே வேலையை அப்படியே நிறுத்தினார்கள். சுவர் இன்றைக்கும் முழங்கால் உயரத்தில்தான் நிற்கிறது.

மறுநாள் தளவாயால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. செல்லக்கனி வேப்பெண்ணெய் போட்டுத் தேய்க்க, அவர் குப்புறப் படுத்தபடி முன்தண்டை நினைத்துக் கண் கலங்கினார்.

“அவ்வளவுதானா அண்ணாச்சி? ஆயுசு பூரா அவன் முதுகைப் பாத்துக்கிட்டேதான் நடக்கணுமா?”

விசாரிக்க வந்த குருவையா பாயோரம் உட்கார்ந்தார். “தளவாயி, சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டப்ப அக்கினிச்சட்டி எடுக்கிறதா நேந்துக்கிட்டது யாரு?”

“எங்க அப்பா.”

“எடுத்தது?”

“எங்க சின்னம்மா. அப்பாவுக்குக் கையில சொறி.”

“அம்மை யாருக்கு இறங்குச்சு?”

“எனக்குத்தான்.”

“சொன்னது ஒருத்தர், சட்டி தூக்குனது ஒருத்தி, குணமானது ஒருத்தன். காளியாத்தாளே ஏத்துக்கிட்டத இந்த ஆப் ஏத்துக்காதா? அதுல பேரு உன் பேருதான?”

தளவாய் தலையைத் தூக்கினார். “எனக்காக யாரு செய்வா?”

“கெடுத்தவன் செய்யணும். அதான் முறை.”

மூன்று பேரும் சுவர் இருந்த இடத்தின் வழியாகப் பார்த்தார்கள். அங்கே பிச்சைக்கண்ணு கூண்டிழந்த கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, எங்கே விடுவது என்று தெரியாமல் மறுபடி கீழே விட்டுக்கொண்டிருந்தான்.

விவரம் சொன்னதும் அவன் மறுக்கவில்லை. “நியாயந்தான். ஆனா அண்ணாச்சி, மச்சானுக்காகக் குனிஞ்சு குனிஞ்சு நான் இளைச்சுட்டா?”

“பந்தியில பரிமாறுறவனுக்கு வயிறு நிறையுமா?”

“நிறையாது.”

“அப்ப பயப்படாத.”

“உடற்பயிற்சி மட்டும் போதுமா? ராத்திரி சோறு கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே,” என்றாள் செல்லக்கனி.

“புருசனுக்காகப் பொண்டாட்டி விரதம் இருக்கிறது உலக வழக்கந்தான தாயி.”

அன்றிலிருந்து செல்லக்கனி ராத்திரி உலை வைப்பதை நிறுத்தினாள். விரதம் இருக்கிற வீட்டில் அடுப்பு எரியலாமா? தளவாய் முழங்கால் சுவரைத் தாண்டிப் பிச்சைக்கண்ணு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பிச்சைக்கண்ணு காலையில் குனிந்த களைப்பில் விளக்கு வைத்ததுமே தூங்கிவிடுவான். அவன் பங்குச் சோறு தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். சோற்றை வீணாக்கினால் பாவம். தளவாய் பாவத்துக்குப் பயந்தவர்.

காலையில் பிச்சைக்கண்ணு வந்து போனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பான். தளவாய் நாற்காலியில் இருப்பார், மடியில் இட்லித் தட்டு. “அருமை, தளவாய்! நேற்றைவிட இன்று உறுதியாகிவிட்டீர்கள்,” என்று போன் சொல்லும். தளவாய்க்கு இடுப்பில் ஏதோ ஊறுவதுபோல் இருக்கும். சந்தோஷத்தில் இன்னொரு இட்லி கேட்பார்.

ஒரு நாள் போன்காரி ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் தூக்கி, கைகளை முன்னால் நீட்டினாள். அத்தோடு நெட் போய்விட்டது. அவள் அப்படியே நின்றாள். பிச்சைக்கண்ணும் நின்றான்.

“மச்சான், இறக்கிட்டாளா?”

“இல்லை.”

“இப்ப?”

“அவ மூச்சுகூட விடாம நிக்கா. உனக்குப் பேச்சு கேக்குதா?”

வெயில் ஏறியது. செல்லக்கனி துவைத்த துணிகளோடு வந்தாள். கொடியில் இடம் இல்லை. தம்பியின் நீட்டிய கையில் ஒரு வேட்டியைக் காயப்போட்டாள். வேட்டி காய்ந்து, அதை மடித்து உள்ளே கொண்டுபோன பிறகுதான் நெட் வந்தது.

இப்படியே பங்குனி வந்தது. காளியம்மன் கோயில் வாசலில் பூசாரி மஞ்சள் துண்டுகளைக் கொடுத்தார். தளவாய் கண்ணை மூடி அம்மனை நினைத்துத் துண்டைச் சுற்றினார். போன வருஷம் ஒன்றையொன்று பார்த்த நுனிகள் இந்த வருஷம் பார்க்கவும் இல்லை.

பக்கத்தில் பிச்சைக்கண்ணுவின் துண்டு இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சும் விழுந்து, மிச்சம் முழங்கால்வரை தொங்கியது.

தளவாய் அந்த இடுப்பையே பார்த்தார். “மாப்ளே, அது என் இடுப்பு.”

பிச்சைக்கண்ணு குனிந்து பார்த்துத் திடுக்கிட்டான். “ஆமா மச்சான். என்னுது இப்படி இருக்காது. உங்க பேர்ல செஞ்சது எங்கிட்ட வந்துருச்சு.”

“குடு.”

“எடுத்துக்கோங்க,” என்று பிச்சைக்கண்ணு கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் நாணயமானவன், அதை மறைக்கக்கூடாது. தளவாய் அந்த இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இடுப்போடு பிச்சைக்கண்ணுவும் வந்தான். மூன்று முறை இழுத்தும் தனியே வரவில்லை.

கூட்டம் குருவையாவைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

“முடிச்சு விழுந்தது தளவாய் இடுப்புல. அதனால முன்தண்டு தளவாய் இடுப்புக்குத்தான், அதுல மாத்தமில்லை. இப்ப தளவாய்கிட்ட இருக்கிற வயிறு பிச்சைக்கண்ணு ராத்திரிச் சோத்துல வளந்தது. அது பிச்சைக்கண்ணு வயிறு. அது பின்தண்டுக்குப் போகட்டும்.”

யாராலும் குறை சொல்ல முடியவில்லை. தளவாயாலும் முடியவில்லை. தீர்ப்பு அவர் பக்கம்தான். சப்பரம் கிளம்பியது. தெருவுக்குத் தெரு பெண்கள் பிச்சைக்கண்ணுவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மாலை அவன் கழுத்தில் விழுந்தது. தளவாய் பின்தண்டில், கணுக்கால் சேற்றில், தன் இடுப்பு தனக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“ரொம்ப ஆட்டாத மாப்ளே. அடுத்தவன் பொருளு.”

“பத்திரமாத்தான் வச்சிருக்கேன் மச்சான்.”

அதற்குப் பிறகு சந்தாவும் முடிந்துவிட்டது. இடுப்பு திரும்பி வரவில்லை. தினமும் காலையில் முழங்கால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தளவாய் விசாரிக்கிறார். அந்தப் பக்கம் நின்று பிச்சைக்கண்ணு சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான்.

போன வாரம் பிச்சைக்கண்ணு தண்ணீர்க் குடம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அவன் அலறிய சத்தம் கேட்டு, செல்லக்கனி வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினாள். தளவாய் வழியை மறித்தார்.

“எங்க போற? பிடிச்சிருக்கிறது யார் இடுப்பு?”

செல்லக்கனி நின்று யோசித்தாள். “உங்க இடுப்பு.”

“அப்ப எனக்குத் தேய்,” என்று தளவாய் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார்.

அவள் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முனகல் நின்றது. “இன்னும் கொஞ்சம் கீழ தேய்க்கச் சொல்லுங்க மச்சான்,” என்று குரல் வந்தது.

கீழே தேய்த்தாள்.

“இப்ப எப்படி இருக்கு மாப்ளே?”

“தேவலை மச்சான்.”

“தேவலைன்னா கையோட கொண்டாந்து குடுத்துட்டுப் போ.”

அந்தப் பக்கம் மறுபடி ஒரு முனகல் கேட்டது. பிறகு பிச்சைக்கண்ணு மெதுவாகச் சொன்னான். “இல்லை மச்சான், இன்னும் லேசா வலி இருக்கு.”