துடுப்பில் பேசிய திமிங்கிலம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை, விலா நோகிற சிரிப்பு. ஆனால் இப்போதே கேட்டால் கிடைக்காது. அது கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறது. கரையிலிருந்து மெதுவாக நடந்துதான் போக வேண்டும்.

கடல் இப்போதைவிட ஒரு கைப்பிடி உப்புக் குறைவாக இருந்த காலத்தில், சங்குநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் ஓரத்தில் அலைமடிக்குப்பம். நாற்பது படகு, நாற்பது வலை, நாலாயிரம் சண்டை. அந்தக் குப்பத்தில் காத்தாயி என்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு யார் குரலும் வரும். மீன்காரி பொன்னுருவி போலக் கூவுவாள், நிஜப் பொன்னுருவி ஓடிவந்து, "என் கூடைய எவடி எடுத்தது?" என்பாள். தண்டோராக்காரன் போல முழங்குவாள். பாதிக் குப்பம் தோப்புக்குள் ஒளிந்துகொள்ளும். அவள் அப்பா தாண்டவராயன் போல இருமுவாள். தாண்டவராயனே பயந்துபோய்க் கஷாயம் குடிப்பார்.

"குரல்ல ஒண்ணும் இல்ல," என்பாள் காத்தாயி. "ஒரு ஆளு எங்கெங்க மூச்சு விடறாங்கன்னு பாத்துக்கணும். அதுலதான் ஆளே இருக்கு."

அலைமடிக்காரர்கள் காதால் மீன் பிடிக்கிறவர்கள். துடுப்பின் நுனியைக் கடலில் இறக்கி, பிடியைக் காதோடு அழுத்திக்கொள்வார்கள். சாளைக் கூட்டம் வந்தால் எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் கேட்கும். கத்தாழை மீன் வந்தால் தவளைச் சத்தம். திமிங்கிலம் வந்தால் மட்டும், டொக், டொக், டொக் என்று யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். உடனே வலையை ஏற்றிவிடுவார்கள். திமிங்கிலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பெரியவள்; அவள் போகட்டும் என்று வெற்றிலை போடுவார்கள். தட்டல் நின்றதும் வலையை இறக்குவார்கள். அவளுக்கும் காயமில்லை, வலைக்கும் காயமில்லை.

ஒரு நாள் எல்லாத் துடுப்பும் ஊமையாகிவிட்டன. வடை பொரியவில்லை, தவளை கத்தவில்லை, கதவு தட்டவில்லை. பெரியவள் எங்கே வருகிறாள் என்று தெரியாமல் வலை இறக்கினார்கள். வலை கிழிந்தது. மறுபடி இறக்கினார்கள். மறுபடி கிழிந்தது. மூன்றாம் முறை வலைக்கயிறு சுற்றிக்கொண்டு பெரியவளின் குட்டி செத்துக் கரை ஒதுங்கியது. குப்பமே அழுதுகொண்டு மஞ்சள் பூசி அதைப் புதைத்தது. அந்த நேரம் பார்த்துத்தானா ராஜா அந்த வழியாக வர வேண்டும்?

ராஜாவுக்குச் சந்தேகம். "வேண்டுமென்றே கொன்றீர்கள்."

"இல்ல சாமி, துடுப்பு ஊமையாயிடுச்சு," என்றார் தாண்டவராயன்.

ராஜாவுக்கு இன்னும் சந்தேகம். "துடுப்பு எப்போது பேசியது, இப்போது ஊமையாக?"

அன்றே தண்டோரா போட்டார்கள். திமிங்கிலம் இந்தக் கடலில் இருக்கிற வரைக்கும் ஒரு வலையும் இறங்கக் கூடாது. பெரியவளோ போகிற மாதிரி இல்லை. தினமும் வெயில் சாயும் நேரத்தில் மணல்திட்டுப் பக்கம் வந்து குட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் போயிற்று. பொன்னுருவியின் மீன்கூடையில் கோழி அடைகாத்தது. அடுப்பில் பூனை தூங்கியது.

அப்போதுதான் வக்கிரகேது என்கிற மந்திரவாதி வந்தான். தாடி தொப்புள் வரை, தோளில் ஒரு தோல்பை.

"அப்பனே, துடுப்புகளை நான் பேச வைக்கிறேன். காது கொடுத்துக் கேள்," என்றான்.

தாண்டவராயன் கேட்டார். துடுப்பு பேசியது. தட்டவில்லை, வாயைத் திறந்து பேசியது.

"நான்தான் திமிங்கிலம்... உங்கள் மீன் எல்லாம் எனக்கே... உங்கள் பிள்ளைகளின் சோறும் எனக்கே... வலை கிழித்தது போதாது... படகையும் உடைப்பேன்..."

நாற்பது பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். துடுப்பு சொன்னால் அலைமடிக்காரர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். அவர்கள் செய்த தப்பு அதுதான்.

"கொல்ல வேண்டாம், ராஜா கோபிப்பார்," என்றான் வக்கிரகேது, வந்த மூன்றாம் நாள். "நாளை விடிந்ததும் நாற்பது படகில் போய்த் தப்பட்டை அடித்து, அதைக் கழிமுகத்துக்குள் விரட்டுங்கள். தரை தட்டினால் தானாகச் சாகும். ராஜா கேட்டால் கடவுள் செயல். உடலுக்குச் செய்ய வேண்டியதை மட்டும் நான் தனியாகச் செய்துகொள்கிறேன்."

காத்தாயிக்கு மூன்று சந்தேகம் வந்தது. முதல் சந்தேகம், வந்த விருந்தாளிக்கு வைத்த கருவாட்டுக் குழம்பை அவன் தொடவில்லை. உப்பில்லாத கஞ்சிதான் குடித்தான். இரண்டாவது, கடற்கரையில் மூன்று நாளாக இருக்கிறவன், கால் நனைத்து அவள் பார்க்கவில்லை; அலை வந்தால் ஆடு மாதிரி துள்ளி ஓடுகிறான். மூன்றாவதுதான் அவளைக் குடைந்தது.

"நைனா, உலை வச்சு சோறு வடிக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ள தம் கட்டுற ஜீவன் அது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவ எதுக்கு மூச்சு வாங்குது?"

"பேசிப் பழக்கமில்லாததால இருக்கும்."

"அந்த மந்திரவாதியும் அதே எடத்துலதான் மூச்சு வாங்கறான், கவனிச்சியா?"

தாண்டவராயன் மகளை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் என்ன மாதிரி இருமி என்னையே கஷாயம் குடிக்க வச்சவ நீ. உன் வாயில எது உன் பேச்சுன்னு எனக்கே தெரியல. குட்டி செத்ததுக்கு நானும்தான் அழுதேன். அழுதா உலை கொதிக்குமா? நாளைக்கு விரட்டத்தான் போறோம்."

நாளைக்கு விடிந்தால் பெரியவள் செத்துவிடுவாள். சொன்னால் நம்ப ஆளில்லை. காத்தாயி யோசித்தாள். நம்பவைக்க முடியாதவளுக்கு ஏமாற்றவாவது தெரியுமே.

மத்தியானம் வக்கிரகேது கஞ்சி குடித்துவிட்டுத் தாழை மர நிழலில் குறட்டை விட்டான். தோல்பை தலைமாட்டில் இருந்தது. காத்தாயி பக்கத்தில் குந்தி, அவன் குரலிலேயே மெல்லச் சொன்னாள்.

"வெளியே வா, அப்பனே."

பைக்குள்ளிருந்து ஒரு கருஞ்சங்கு எட்டிப் பார்த்தது. "என்ன சாமி, குறட்டையும் விடறீங்க, கூப்பிடவும் கூப்பிடறீங்க?"

"அது... பழைய குறட்டை... இப்போதுதான் வந்து சேர்கிறது..."

"வாயில கருவாட்டு வாசம் வருதே."

"விருந்து."

"உங்களுக்குத்தான் உப்பு ஆகாதே. முழங்காலுக்கு மேல கடல் தண்ணி பட்டா கட்டின மந்திரம் எல்லாம் கரைஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க. சங்குக்குள்ள பேசினா எல்லாத் துடுப்புலயும் கேக்கணும், வேற எந்தச் சத்தமும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே மந்திரம் போட்டீங்க. இதெல்லாம் அந்தத் திமிங்கிலத்து வயித்துல இருக்கிற மீனம்பர் கட்டிக்காகத்தானே? முகத்துல பூசினா முந்நூறு வயசு குறையும்னு. உங்களுக்கு இருநூத்தித் தொண்ணூறுதான் ஆகுது. மிச்சம் பத்து வருஷத்துக்கு எங்க போய் நிப்பீங்கன்னு கேட்டேன், பதிலே சொல்லல."

காத்தாயி வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்களும் பொத்திக்கொள்ளுங்கள். சொன்ன சிரிப்பு இதுவல்ல.

சங்கு அவளை உற்றுப் பார்த்தது. "நீ அவர் இல்ல, இல்லியா?"

"இல்ல," என்றாள் தன் சொந்தக் குரலில்.

"நல்லதாப் போச்சு. என்னைக் கடல்லேர்ந்து எடுத்து நூறு வருஷம் ஆகுது. திரும்ப விடுவியா?"

"விடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ பேசணும்."

பைக்குள் ஒரு தேங்காய் ஓட்டைப் போட்டுவிட்டு, அப்பாவின் துடுப்பை அலை வந்து தொடுகிற இடத்தில் நட்டாள். கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் சங்கோடு உட்கார்ந்தாள்.

வெயில் சாயும்போது வக்கிரகேது விழித்தான். துடுப்பு கூப்பிட்டது.

"வக்கிரகேது."

அவன் முதலில் தோல்பையைத் தடவினான். உள்ளே கெட்டியாக, உருண்டையாக ஏதோ இருந்தது. சரி, சங்கு இருக்கிறது. பிறகு சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை. பிறகுதான் துடுப்பில் காதை வைத்தான்.

"யார் நீ?"

"திமிங்கிலம். உனக்கு வேண்டிய மீனம்பரை நானே மணல்திட்டில் கக்கிவிடுகிறேன். குப்பம் வருவதற்குள் தனியாக வந்து எடுத்துக்கொள். என்னை விட்டுவிடு."

வக்கிரகேதுவுக்கு ஆசையும் வந்தது, சந்தேகமும் வந்தது. திமிங்கிலக் குரல் எப்படிச் செய்வதென்று அவனுக்குத் தெரியாதா என்ன?

"எந்தக் கழுதையாவது திமிங்கிலம் மாதிரி பேசலாம்," என்றான். "நிஜத் திமிங்கிலம் மூச்சு வாங்காது. நான் மணல்திட்டுக்கு நடந்து வருகிற வரைக்கும் நிறுத்தாமல் பேசு. நடுவில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டாலும் திரும்பிவிடுவேன்."

காத்தாயிக்குத் திக்கென்றது. அவள் இதற்குத் தயாராக வரவில்லை. ஆனாலும் வயிறு வரைக்கும் காற்றை இழுத்தாள். வக்கிரகேது துடுப்பைப் பிடுங்கி, நுனியைத் தண்ணீரில் விட்டு, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு முதல் அடி வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான், மூச்சுச் சத்தம் தப்பிவிடக் கூடாதே என்று.

"வா வக்கிரகேது வா முப்பது வருஷமாக இந்தக் கட்டி என் வயிற்றில் கல்லாய்க் கிடக்கிறது கணவாய் மீன் தின்றால் குத்துகிறது புரண்டால் உருள்கிறது இதற்காகத்தானே என்னைக் கழிமுகத்துக்கு விரட்டச் சொன்னாயே அந்தக் குப்பத்தின் துடுப்பை எல்லாம் நீதானே ஊமையாக்கினாய் என் குட்டியை வலையில் மாட்டவைத்ததும் நீதானே பரவாயில்லை வா..."

கணுக்கால்.

"...என் பெயரைச் சொல்லிச் சங்குக்குள் பேசியதும் நீதானே நான் யார் மீனைத் தின்றேன் ஆழத்துக் கணவாயைத் தவிர எதைத் தின்றேன் அதுவும் பரவாயில்லை வா இன்னும் நாலடி வா..."

கெண்டைக்கால். காத்தாயியின் முகம் நாவல் பழ நிறத்துக்குப் போயிற்று. மணல்திட்டு வரைக்கும் பார்வைக்குக் கெண்டைக்கால் தண்ணீர்தான், ஆனால் அதற்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். வந்து மூன்று நாளான மந்திரவாதிக்குத் தெரியாது.

"...இன்னும் மூணடி வா ரெண்டடி வா வாவாவாவா..."

வக்கிரகேது பள்ளத்தில் இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. காத்தாயியின் மூச்சும் அங்கேயே முடிந்தது. அவள் மணலில் மல்லாந்து விழுந்து, ஹா என்று இழுத்த காற்றில் பக்கத்தில் இருந்த நண்டுகள் ஓடிப்போயின. ஆனால் அந்தச் சத்தம் துடுப்புக்குப் போகவில்லை. மந்திரம் ஒரு இமை நேரத்துக்கு முன்னால்தான் கரைந்திருந்தது.

வக்கிரகேது கண்ணை மூடியபடி நின்றான். மூச்சுச் சத்தமே இல்லை. "நிஜத் திமிங்கிலம்தான்," என்று புன்னகைத்தான்.

அவன் அப்படியே நிற்கட்டும். அந்தச் சிரிப்பு பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் அது வந்துவிட்டால் அப்புறம் யாரும் கதை கேட்க மாட்டீர்கள். அதனால் பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடலாம்.

சங்கு கடலுக்குப் போயிற்று. நாற்பது துடுப்பிலும் வடை பொரிந்தது. ராஜா சந்தேகத்தோடு வந்து தானே துடுப்பில் காது வைத்தார். டொக் என்றதும் கிரீடத்தைத் தண்ணீரில் போட்டார். அப்புறம் புது தண்டோரா: தட்டல் கேட்டால் வலை ஏற வேண்டும், கேட்காவிட்டால் இறங்கலாம், ஏற்றிவைத்த நாளுக்கெல்லாம் குப்பத்துக்கு அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல். எப்போது தட்டுகிறது என்று சொல்லும் வேலை காத்தாயிக்கு. "அவ காதையாவது நம்பலாம்," என்றார் தாண்டவராயன். "வாயத்தான் நம்ப முடியாது." பெரியவளுக்கு அடுத்த வருஷம் இன்னொரு குட்டி பிறந்து, அதுவும் தட்டப் பழகியது. வக்கிரகேது கருவாட்டுக் குழம்புக்கு அடிமையாகி, அலைமடியிலேயே வலை பின்னிக்கொண்டு, இருநூற்றுத் தொண்ணூற்றொரு வயது வரை இருந்தான்.

அதெல்லாம் பிறகு. இப்போது அவன் தண்ணீரில் நிற்கிறான். பின்னால், கரையில், குப்பம் முழுக்க நிற்கிறது. காத்தாயி பேசியதை நாற்பது துடுப்பும் சொல்லியிருந்தனவே. கேட்டவர்கள் கேட்டபடி ஓடி வந்திருந்தார்கள். பொன்னுருவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வெயில் சாய்ந்தது. தினமும் வருகிறவள் அன்றும் வந்தாள்.

டொக்.

வக்கிரகேது காதை இன்னும் அழுத்தினான். "யாரது?"

டொக்.

"யாரென்று கேட்கிறேனே. நான் இங்கே ஒரு திமிங்கிலத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன்."

டொக்.

கரையிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. அது வக்கிரகேதுவின் குரல்.

"நான்தான் அப்பனே கதவைத் திற... எவ்வளவு நேரம்தான் தண்ணீரில் நிற்பது..."

நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. அவன் மூச்சேதான்.

குப்பம் சிரிக்க ஆரம்பித்தது. தாண்டவராயன் சிரித்துச் சிரித்து நிஜமாகவே இருமினார். வக்கிரகேது காதிலிருந்து துடுப்பை மெதுவாக எடுத்தான். கரையைப் பார்த்தான். தோல்பையைத் திறந்து தேங்காய் ஓட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து, தன் முழங்காலைத் தேடினான்.