உப்புக் கை

கடல் உப்பான பிற்பாடு, நீங்களும் நானும் பிறப்பதற்கு ரொம்ப முன்னால், மணற்காட்டு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவை விடுங்கள், அவருடைய அரண்மனைச் சமையல்கட்டுக்கு வாருங்கள். அங்கே செம்பியப்பன்தான் தலைமைச் சமையல்காரர்.

அந்தச் சமையல்கட்டில் ஒரு வழக்கம். நறுக்குவது, அரைப்பது, கிளறுவது எல்லாம் மற்றவர்கள். உப்பு மட்டும் செம்பியப்பன் போடுவார். அவர் வரும்வரை குழம்பு கொதித்துக்கொண்டே கிடக்கும். "என் கை இல்லாவிட்டால் இந்த அரண்மனைக்கே நாக்கு செத்துப்போகும்" என்று மீசையை முறுக்குவார். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை!

ஒருநாள் ராஜா கூப்பிட்டார். "பௌர்ணமிக்கு மூன்று அரசர்கள் வருகிறார்கள். ஒருவருக்கொருவர் ஆகாது. மூன்று மாளிகையில், ஒரே வேளையில், மூன்று விருந்து. ஒன்றில் ருசி கெட்டாலும் உன் கரண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்."

செம்பியப்பன் சமையல்கட்டுக்கு ஓடினார். ஒச்சப்பன், வீரம்மை, குழந்தையன் என்ற மூன்று சமையல்காரர்களையும் வரிசையாக நிறுத்தினார். "ஆளுக்கொரு பானை. பானைக்கு இரண்டு கைப்பிடி உப்பு. அவ்வளவுதான்!" என்று கத்தினார். குழந்தையன் கை முறம் மாதிரி. வீரம்மை கை சின்னது. ஒரு பானையும் உருப்படவில்லை.

"உங்களுக்கு ருசி பார்க்கக்கூடவா தெரியாது?"

"எங்களை என்றைக்கு ஐயா பார்க்க விட்டீர்கள்?" என்று கேட்டாள் வீரம்மை.

செம்பியப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய்யில்லையே!

மறுநாள் செம்பியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உப்புச் சட்டிப் பக்கமே போகவில்லை. "வாயில் வைத்துப் பார். என்ன குறைகிறது? நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்பதோடு சரி. பதில் தொண்டைவரை வந்தது, விழுங்கிக்கொண்டார். முதலில் உப்புக் கரித்தது. முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அப்புறம் சப்பென்றிருந்தது. அதையும் சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள், "உப்பு சரிதான் ஐயா, புளிதான் தூக்கல்" என்றாள் வீரம்மை. அவர் நாக்குக்கே அது பிடிபட்டிருக்கவில்லை! மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பௌர்ணமி வந்தது. மூன்று மாளிகையிலும் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள்.

"நீ எந்த மாளிகையில் சமைத்தாய்?" என்றார் ராஜா.

"எதிலும் இல்லை, மகாராஜா. பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்."

"அப்படியானால் நீ எனக்கு எதற்கு?"

செம்பியப்பன் அசரவில்லை. "அடுத்த தடவை ஆறு விருந்து வையுங்கள், மகாராஜா. அதற்கும் ஆள் தயார் பண்ணித் தருகிறேன்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கரண்டி செம்பியப்பனிடமே இருந்தது.

நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களே, காதில் போட்டுக்கொள்ளுங்கள்: கூட இருப்பவர்களைக் கெட்டிக்காரர்களாக ஆக்குகிற தலைவனுக்குத்தான் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் கை இருக்கும்.