மறுப்பு குறுகிய கதை

அந்தக் காலத்தில், பறவை பேசியது மனிதனுக்கும் மனிதன் பேசியது பறவைக்கும் விளங்கியபோது, வடக்கே ஆறு உறைந்துபோகும் நாடுகளில் மறுப்பு மிக நீளமாக இருந்தது. வெடுக்கென்று மறுத்ததற்காக ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்திய ஊர்கள் அவை. அதனால் ஒரு வழக்கம் வைத்தார்கள். பதில் கேட்டவரின் அடுப்பை முதலில் வாழ்த்த வேண்டும். பிறகு தகப்பன் பெயரை, பிறகு அவர் நடந்து வந்த பாதையை. சம்மதமா மறுப்பா என்பது கடைசியில்தான் வரும். ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில் குறுக்கே பேசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம்.

செங்கால் நாரைக்கு அப்போது ஆற்றின் அக்கரைவரை எட்டும் குரல் இருந்தது. வசந்தத்தில் ஊர் திரும்பியதும் உறைந்த ஆற்றின் பனிமேல் நடந்து பார்த்து, அது ஆளைத் தாங்குமா என்று சொல்வது அதன் வேலை. முந்தைய வருடம் ஊர்த்தலைவரிடம், "உடையும், வராதீர்" என்று மட்டும் சொல்லிவிட்டது. தலைவர் பிழைத்தார். ஆனால் அவமானம் தாளாமல் ஆட்களை அனுப்பி நாரையின் கூட்டைக் கழியால் இழுத்துப் போட்டார். மூன்று முட்டைகள் உடைந்தன. லுட்கா என்பவள்தான் தன் கூரைமேல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை வைத்து, "இதில் கட்டிக்கொள்" என்றாள்.

இந்த வசந்தத்தில் லுட்காவின் மகள் யானாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். லுட்காவின் கணவன் மாரெக் விடியலில் ஆற்றைக் கடந்து மருந்துப் பட்டை வாங்கப் போனான். உச்சிவெயிலில் அக்கரையில் வந்து நின்று கூப்பிட்டான்.

"செங்காலாரே! பனி தாங்குமா? காலையில் கொஞ்சம் முனகியது. என் மாமியாரும் என்னைப் பார்த்தால் அப்படித்தான் முனகுவாள் என்று நடந்து வந்துவிட்டேன்."

நாரை பனிமேல் காலை ஊன்றியது. காலைச் சுற்றி நீர் கசிந்தது. அது கழுத்தை நீட்டியது. முட்டைகள் நினைவுக்கு வந்தன.

"உம் அடுப்பு அணையாதிருக்கட்டும், மாரெக்."

"இருக்கட்டும், இருக்கட்டும். சீக்கிரம் சொல்லும். பிள்ளை கொதித்துக் கிடக்கிறாள்."

"உம் தகப்பன் வோய்தெக்கின் பெயர் கெடாதிருக்கட்டும்."

இக்கரையில் நின்ற லுட்காவும் அந்த நீரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நாரை பேசிக்கொண்டிருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உம் கால்கள் நடந்து வந்த பாதை..."

"இவ்வளவு வாழ்த்துகிறீரே, தாங்கும் என்றுதானே சொல்லப்போகிறீர்?" மாரெக் சிரித்தான். பட்டையைத் தொப்பிக்குள் திணித்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

நாரை வேகமாகப் பேசியது. ஆனால் எதையும் விடவில்லை. "...நல்ல பாதையாகவே இருந்தது. இனியும் நல்லதாகவே இருக்கட்டும். ஆயினும்..."

லுட்கா கையை எடுத்தாள். கடைசியில் வரவேண்டிய மறுப்புச் சொல்லின் முதல் ஒலி மட்டும்தான் அவளிடமிருந்து வந்தது.

"நே!"

மாரெக்குக்கு அது கேட்டது. உடனே நின்றான். நடு ஆற்றில் நின்றான். நிற்பவனைப் பனி தாங்கவில்லை.

தொப்பி மட்டும் பனிமேல் கிடந்தது. உள்ளே பட்டை இருந்தது. அதை எடுக்க யாரும் போக முடியவில்லை. யானா மறுநாள் மாலைவரை இருந்தாள்.

அவளைப் புதைத்துவிட்டு லுட்கா வீடு திரும்பியபோது நாரை கூரைமேல் நின்றது. துக்கம் கேட்பதற்கும் அதே வாழ்த்துதான் வழக்கம்.

"உம் அடுப்பு..." என்று தொடங்கியது.

"அணைந்துவிட்டது" என்றாள் லுட்கா.

நாரை அலகை மூடியது. திறந்தது. குரல் வரவில்லை. மறுபடி மூடியது, மறுபடி திறந்தது. அலகோடு அலகு மோதும் சத்தம் மட்டும் வந்தது. லுட்கா அண்ணாந்து பார்க்கவில்லை. சக்கரத்தையும் இறக்கவில்லை.

அவளுடைய அந்த ஒற்றை ஒலி ஆற்றோடு ஊர் ஊராகப் போயிற்று. ஓர் ஊரில் நே என்றார்கள், ஓர் ஊரில் நை, கடலோரத்தில் நோ. யாரும் அதை நீட்டவில்லை.

அன்று முதல்தான் அந்த நாடுகளில் மறுப்பு ஒரே மூச்சில் முடிகிறது. செங்கால் நாரைக்கும் அன்று முதல்தான் குரல் இல்லை. வசந்தம்தோறும் கூரைச் சக்கரத்தில் வந்து நின்று அலகைத் தட்டுகிறது. கேட்பவர்கள், அது வீட்டை வாழ்த்துகிறது என்கிறார்கள்.